கணுக்கால் குருத்தெலும்பும் உடல் எடையும்: அறுவைச் சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

கால் பிசகினால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? தைலம் தேய்ப்பார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் போய்ச் சுளுக்கு எடுப்பார்கள். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் நொண்டியபடியே வேலைக்குப் போவார்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அது சரியாகியும் விடும்.

சிலருக்கு மட்டும் சரியாவதில்லை. ஆறு மாதம் கழிந்த பிறகும் கணுக்காலின் உள்ளே ஆழத்தில் ஒரு வலி இருக்கும். மாலையானால் வீங்கும். படியிறங்கும்போது ஏதோ சிக்கிக்கொண்டது போலத் தோன்றும். சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருப்பதாகவே பதில் வரும். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும்போதுதான் குருத்தெலும்பில் காயம் இருப்பது தெரிய வரும். அப்போது மருத்துவர் சொல்லும் அடுத்த வாக்கியம் பலருக்கும் மனப்பாடம்: "எடையைக் கொஞ்சம் குறையுங்கள்."

தொலைக்காட்சி மருத்துவக் கலந்துரையாடல்களில் இந்த இடத்தில்தான் நேயர்களின் கேள்விகள் குவிகின்றன. காலை ஊன்றவே முடியாதபோது நடந்து எடையைக் குறைப்பது எப்படி? எடை குறையாவிட்டால் அறுவைச் சிகிச்சை பலிக்காதா? எடையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா? மூன்றுமே நியாயமான கேள்விகள். விடை காண, முதலில் கணுக்காலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

சின்ன மூட்டு, பெரிய சுமை

கெண்டைக்கால் எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் டாலஸ் என்றொரு சிறிய எலும்பு இருக்கிறது. உடலின் முழு எடையும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. இதன் மேற்பரப்பில் சுமார் 60 விழுக்காடு குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. தசை எதுவும் இதில் நேரடியாக ஒட்டுவதில்லை. இதனால் இரத்தம் உள்ளே போகும் வழிகள் குறைவு. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் காயம் ஆறுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

குருத்தெலும்பு என்பது எலும்பின் நுனியில் இருக்கும் வழுவழுப்பான வெள்ளை உறை. முழங்காலில் சில இடங்களில் அது 5, 6 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். கணுக்காலில் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த உறைக்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஒரு முறை சேதமடைந்தால் அது தானாக முளைப்பதில்லை. இதை இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹன்ட்டர் என்ற உடற்கூறு மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

குருத்தெலும்பில் நரம்பே இல்லையென்றால் வலி எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் எலும்பிலிருந்து. மேலுறையில் விரிசல் விழுந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டு நீர் அந்த விரிசல் வழியாக எலும்புக்குள் அழுத்தப்படுகிறது. எலும்பில் நரம்புகள் நிறைய உண்டு. ஆகவே வலிக்கிறது. நாளடைவில் எலும்புக்குள் சிறு பள்ளமோ நீர்க்கட்டியோ உண்டாகலாம்.

82 கிலோ எப்படி 410 கிலோ ஆகிறது?

நிற்கும்போது உடல் எடை இரண்டு கால்களுக்கும் பகிர்ந்து போகிறது. நடக்கும்போது கதை வேறு. குதிகாலைத் தூக்கி உடலை முன்னே தள்ளுவதற்குக் கெண்டைக்கால் தசை பலமாக இழுக்கிறது. அந்த இழுவிசையும் உடல் எடையும் சேர்ந்து கணுக்கால் மூட்டை அழுத்துகின்றன. நடக்கும்போது இந்த அழுத்தம் உடல் எடையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரை போகும். ஓடும்போது இன்னும் பல மடங்கு ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூச்சோங்கில் வசிக்கும் 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடக்கையில் அவருடைய கணுக்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 410 கிலோ. அவர் 4 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ குறையும். ஒரு நாளைக்கு 5,000 அடி நடப்பவரின் ஒரு கால் 2,500 முறை ஊன்றுகிறது. 2,500ஐ 20ஆல் பெருக்கினால் 50,000 கிலோ. அதாவது ஒரே நாளில், ஒரே கணுக்காலில் 50 டன் சுமை குறைகிறது. நான்கு கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முழங்காலில் இதை நேரடியாக அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை 4 கிலோ குறைகிறது என்று அது காட்டியது.

அறுவைச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

காயம் தெரிந்தவுடன் கத்தியைத் தூக்குவதில்லை. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஓய்வு, காலணி மாற்றம், இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றை முயன்று பார்ப்பார்கள். துண்டு கழன்று மூட்டுக்குள் மிதந்தாலோ, வலி விடாமல் தொடர்ந்தாலோதான் அடுத்த கட்டம்.

கணுக்கால் மிகவும் குறுகலான மூட்டு. அதற்குள் குழாய்க் கேமராவைச் செலுத்தவே முடியாது என்று நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன் 1931இல் கருதினார். பின்னர் கருவிகள் மெலிந்தன. ஜப்பானைச் சேர்ந்த மசாக்கி வத்தனாபே 1972இல் கணுக்காலுக்கான முறையை விளக்கினார். இன்று இரண்டு சிறு துளைகள் வழியாகவே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடுகின்றன.

பரவலாகச் செய்யப்படுவது நுண்துளை முறை. 1980களில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் முழங்காலுக்காக உருவாக்கிய முறை இது. சேதமடைந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள எலும்பில் சிறு சிறு துளைகள் போடுகிறார்கள். எலும்பு மச்சையிலிருந்து இரத்தமும் மூல உயிரணுக்களும் கசிந்து அந்த இடத்தில் உறைகின்றன. சில மாதங்களில் அது புதிய திசுவாக மாறுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக வளர்வது பழைய குருத்தெலும்பு அல்ல, நார்த்தன்மை கொண்ட திசு. சாலைப் பள்ளத்தை ஒட்டுப் போட்டு அடைப்பது போன்றது இது. ஒட்டும் சாலைதான், ஆனால் பழைய தாரின் உறுதி அதற்கு இல்லை. கனரக வண்டி அதிகம் ஓடும் சாலையில் அந்த ஒட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் எடை பற்றிய கேள்வியின் மையம்.

காயம் பெரிதாக இருந்தால் வேறு வழிகள் உண்டு. முழங்காலின் சுமை படாத பகுதியிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பை உருளை உருளையாக எடுத்துக் கணுக்காலில் பதிக்கலாம். நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மீண்டும் வைக்கலாம். இந்த இரண்டாம் முறையைச் சுவீடன் மருத்துவர்கள் முழங்காலில் செய்து 1994இல் வெளியிட்டார்கள். கொலாஜன் படலத்தால் மூடி வளர விடும் முறையும் உண்டு. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் செராஸ் மருத்துவ வளாகத்திலும் குருத்தெலும்புத் திசு வளர்ப்பு ஆய்வுகள் நடந்துள்ளன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

எடைக்கும் அறுவைச் சிகிச்சையின் பலனுக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது, பெரிய தடையில்லை என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது.

2008இல் வெளியான ஓர் ஆய்வு, நுண்துளை முறையில் சிகிச்சை பெற்ற 105 கணுக்கால்களைத் தொடர்ந்து கவனித்தது. வயது கூடினாலும், உடல் எடைக் குறியீடு கூடினாலும், மூட்டில் எலும்பு முனைகள் வளர்ந்திருந்தாலும் பலன் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் இவை எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிந்தது காயத்தின் அளவுதான். 15 மில்லிமீட்டருக்குக் குறைவான காயங்களில் தோல்வியே பதிவாகவில்லை. அதைவிடப் பெரிய காயங்களில் ஒன்றே ஒன்றுதான் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது.

2009இல் கொரிய மருத்துவர்கள் 120 கணுக்கால்களை ஆராய்ந்து, 150 சதுர மில்லிமீட்டர் பரப்பை ஓர் எல்லைக்கோடாகச் சொன்னார்கள். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல் அந்தக் கோட்டை இன்னும் கீழே இறக்கியது. சுமார் 107 சதுர மில்லிமீட்டர், அதாவது குறுக்களவில் ஒரு சென்டிமீட்டர். நம் கையில் புழங்கும் ஐந்து சென் நாணயத்தின் பரப்பில் பாதிகூட இல்லை. அதற்குட்பட்ட காயங்களுக்கே நுண்துளை முறை நன்கு பொருந்தும் என்பது இன்றைய கருத்து.

அதே 2017இல் இத்தாலிய மருத்துவர்கள் கொலாஜன் படல முறையைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் எடைக் குறியீடு 25க்குக் குறைந்தவர்களையும் கூடியவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எடை கூடியவர்களுக்கு ஆரம்பத்திலேயே காயம் பெரிதாக இருந்தது. ஆனாலும் இரு பிரிவினருமே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். எடை கூடியவர்களின் பலன் குறைவதற்கு எடை மட்டுமே காரணமா, அல்லது அவர்களின் காயம் முதலிலேயே பெரிதாக இருப்பதும் காரணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, குருத்தெலும்புச் சிகிச்சை பற்றிய பல ஆய்வுகளில் மிகவும் பருமனானவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஆகவே 82 கிலோ நபருக்குக் கிடைத்த பலனை வைத்து 130 கிலோ நபருக்கு உறுதி கூறவும் முடியாது, பயமுறுத்தவும் முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், எடை கூடியவருக்கு இந்த அறுவைச் சிகிச்சை பயன்படாது என்பது தவறு. எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதும் தவறு.

எடை குறுக்கே நிற்கும் மற்ற இடங்கள்

மூட்டின் மீது விழும் சுமை ஒரு பக்கம்தான். கொழுப்புத் திசு சும்மா இருக்கும் மூட்டை அல்ல. அது அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது. பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் கூடுதலாக வருவது இதற்குச் சான்று. கைவிரலால் யாரும் நடப்பதில்லையே!

அடுத்தது, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்கள். நுண்துளை முறைக்குப் பிறகு பொதுவாகச் சில வாரங்கள், சில மருத்துவமனைகளில் ஆறு வாரங்கள் வரை, அந்தக் காலில் முழு எடையை வைக்கக் கூடாது என்பார்கள். சிறிய காயங்களில் சீக்கிரமே ஊன்றினாலும் பலன் மாறவில்லை என்று 2012இல் ஒரு கொரிய ஆய்வு காட்டியது. எனினும் முடிவு மருத்துவருடையது. இரண்டு ஊன்றுகோல்களில் உடலைத் தாங்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நடப்பது யாருக்கும் கடினம். எடை கூடியவருக்கு இரட்டிப்புக் கடினம். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காம் மாடியில் குடியிருந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். தடுமாறி ஒரு முறை பலமாக ஊன்றிவிட்டால் புதுத் திசுவுக்கு ஆபத்து. நல்ல காலும் அளவுக்கு மீறி உழைத்து வலியெடுக்கும்.

மூன்றாவது, பொதுவான அபாயங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவது, காயத்தில் கிருமித் தொற்று, மயக்க மருந்தின்போது மூச்சுச் சிக்கல் ஆகியவை கூடுதலாக நேரலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை இருந்தால் அதை மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவும் புகைப் பழக்கமும் சேர்ந்தால் காயம் ஆறுவது மேலும் தாமதமாகும்.

நம் சமூகத்தின் கணக்கு

மலேசியாவில் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்தப்படுகிறது. 2011இல் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டிருந்தார்கள். 2019இல் அது 50.1 விழுக்காடு. 2023இல் 54.4 விழுக்காடு. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களின் விகிதமே மிக அதிகம், 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நீரிழிவு நாட்டளவில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது உலக அளவுகோலில், அதாவது குறியீடு 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் பருமன் என்ற முறையில். ஆசியர்களின் உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பும் நோயும் சேர்வதால், மலேசிய மருத்துவ வழிகாட்டி 23க்கு மேல் கூடுதல் எடை, 27.5க்கு மேல் பருமன் என்று வகுத்திருக்கிறது. நாம் பார்த்த 165 சென்டிமீட்டர் நபருக்குப் பருமன் எல்லை ஏறக்குறைய 75 கிலோவிலேயே தொடங்கிவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ்க்கை இதற்குத் துணை போகிறது. காலையில் நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் எட்டு மணி நேரம், மாலையில் மீண்டும் நெரிசல். இடையில் ரொட்டி சானாய், தே தாரேக். வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேராக ஃபுட்சால் திடலிலோ பூப்பந்துத் திடலிலோ இறங்குகிறோம். அல்லது பூச்சோங் புக்கிட் வாவாசான் மலையேற்றத்துக்குப் போகிறோம். பழக்கமில்லாத கால் அங்கேதான் பிசகுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறியே ஆக வேண்டும் என்ற நேர்த்திக்கடன் உள்ளவருக்கு, கணுக்கால் வலி வெறும் உடல் வலியாக மட்டும் இருப்பதில்லை.

நடக்காமல் எடையைக் குறைக்க முடியுமா?

முடியும். எடையைக் குறைப்பதில் பெரும் பங்கு தட்டுக்கே உரியது. உடற்பயிற்சி, குறைந்த எடையைக் காப்பாற்றவும் தசையைக் காப்பாற்றவும் உதவுகிறது. ஒரு ரொட்டி சானாயில் மட்டும் சுமார் 300 கலோரி இருக்கிறது. காலையில் இரண்டு சாப்பிடுபவர் ஒன்றாகக் குறைத்து, தேநீரைச் சீனியில்லாமல் கேட்டு வாங்கி, இரவுச் சோற்றைப் பாதியாக்கி, காய்கறியையும் பருப்பையும் கூட்டினாலே மாதக் கடைசியில் தராசு சாட்சி சொல்லும்.

கணுக்காலை வருத்தாத பயிற்சிகளும் உண்டு. மார்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே நீச்சலும் நீரில் நடப்பதும் நல்லவை. நிலையான மிதிவண்டி, உட்கார்ந்தபடி கைகளுக்கும் தோள்களுக்கும் எடைப் பயிற்சி ஆகியவையும் பொருந்தும். தோளும் கையும் பலப்பட்டால் பின்னர் ஊன்றுகோல் பிடிப்பதும் எளிதாகும். எதையும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

ஒன்றைத் தவிர்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நாள் நெருங்குகிறதென்று பட்டினி கிடந்து அவசரமாக எடையைக் குறைக்கக் கூடாது. புரதம் குறைந்தால் காயம் ஆறுவது பாதிக்கப்படும். தொடக்க எடையில் 5 முதல் 10 விழுக்காடு, அதுவும் சில மாதங்களில் நிதானமாக, என்பது எட்டக்கூடிய இலக்கு. 82 கிலோ நபருக்கு அது நான்கிலிருந்து எட்டு கிலோ.

எடை குறைப்பு ஊசிகள் பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். செமாகுளுடைட் என்ற மருந்தை முழங்கால் தேய்மானமுள்ள பருமனானவர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. 68 வாரங்களில் எடை சராசரியாக 13.7 விழுக்காடு குறைந்தது. முழங்கால் வலியும் நன்றாகக் குறைந்தது. அது முழங்கால் பற்றியது, கணுக்கால் அறுவைச் சிகிச்சை பற்றியது அல்ல. அதோடு, இந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பயன்படுத்துபவர்கள் மயக்க மருந்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருத்துவர் எழுதித் தராமல் இணையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"எடையைக் குறையுங்கள்" என்ற அறிவுரையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். என் காயத்தின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அடியிலுள்ள எலும்பில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். என் காயத்துக்கு எந்த முறை பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். எத்தனை கிலோ குறைத்தால் போதும், எத்தனை மாத அவகாசம், அதற்குள் காயம் பெரிதாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது என்றும் கேளுங்கள். எண்ணோடு வரும் அறுவுரைதான் செயலுக்கு உதவும். உணவியல் ஆலோசகரிடமும் இயன்முறைப் பிரிவிடமும் அனுப்பும்படி கேட்பது உங்கள் உரிமை. அரசாங்க மருத்துவமனைகளிலும் இந்தச் சேவைகள் உண்டு.

துண்டு கழன்று மூட்டு பூட்டிக்கொள்ளும் நிலையில், எடைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. நாள்பட்ட, நிலையான காயமாக இருந்தால் அந்தச் சில மாதங்களை எடைக்காகச் செலவிடுவது வீண் போகாது. இந்த வேறுபாட்டை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. புதுத் திசு முதிர மாதங்கள் ஆகும். விளையாட்டுத் திடலுக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு மாதங்கள் வரை பிடிக்கலாம். நுண்துளை முறையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நல்ல பலன் கிடைத்ததாகத் தொகுப்பு ஆய்வுகள் கூறினாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஒட்டுத் திசு தேயக்கூடும். குறைத்த எடை மீண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்வதே அதற்கு நாம் தரும் காப்புறுதி. மருத்துவரின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தக் காலின் மீது தினமும் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதை முடிவு செய்வது நாம்தான்.